இது

முதலில் வெறும் படங்கள், காந்தம் இல்லாமல்.
எமரிட் பார்த்துச் சொல்ல வேண்டும்:
இது குடை. இது பூட்டு. இது சீப்பு.
பனிமனிதனை நெடுநேரம் பார்த்தார்.
"யாரும்மா இது, சுண்ணாம்பு பூசுனாப்புல?"
நீக்கினேன்.
கோட்டில் வரைந்த நண்டுக்கு மறுகேள்வி.
"எந்த நண்டு?
முதுகுல சிலுவயும் இல்ல, மூணு கண்ணும் இல்ல."
நண்டு என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன்.
சும்மா நண்டு என்று கடலில் ஒன்று கிடையாது
என முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

இடது காதுக்கு மேலே, பிஞ்சு நாரத்தை அளவில்
ஒரு கட்டி.
வியாழக்கிழமை மதுரையில் திறக்கிறார்கள்.
கத்தி எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று
மண்டபத்திலிருந்து ஒரு வரைபடம் அனுப்ப வேண்டும்,
இரவல் வந்த இயந்திரத்தில்,
கரண்ட் போவதற்குள்.
காந்தம் டாக்டர் மஃரூபாவின் கையில்.
படம் காட்டுவது நான்.

இரட்டை வளையம்.
எட்டைப் படுக்கப்போட்ட மாதிரி.
பழைய கணக்குச் சுவடிகளில் எட்டை
அ என்றுதான் எழுதியிருப்பார்கள்.
அந்த அ-வை அவர் தலையில் வைத்தோம்.

டக் டக் டக் டக் டக்.
இது குடை.
அரை விரல் தள்ளி,
டக் டக் டக் டக் டக்.
இது பூட்டு.
பாம்பன் காற்று வெளியே தகரத்தை உலுக்குகிறது.
பாலத்துக்கு இந்தப் பக்கம் ரயில் நிற்கிறது,
காற்று இறங்கட்டும் என்று.
திரையில் அவருடைய மூளை, அதன்மேல்
பச்சைப் புள்ளிகள், வரிசை கெட்ட பாசிமணி போல.

முப்பத்தொன்றாவது இடம்.
இது

இது

வாய் அசைகிறது.
கண்ணுக்குள் நண்டு இருக்கிறது.
கை விரல்களை விரித்து
நாற்காலிப் பிடிமேல் பக்கவாட்டில் நடந்து காட்டுகிறது.
பெயர் மட்டும் இல்லை.
சிவப்புப் புள்ளி.
காந்தம் விலகியதும் நண்டு, நண்டு, நண்டு என்று
பாக்கியை வட்டியோடு எண்ணி வைக்கிறார்.

"கடல்லயும் இதே கததான்.
தண்ணியில கோடு தெரியாது.
ஜிபிஎஸ் சொல்லும், மீனு வேற சொல்லும்.
லைட்டடிச்சு நிறுத்துவான் பாருங்க,
அப்பத்தான் தெரியும் தாண்டிட்டோம்னு."
"மண்டைய ஆட்டாதீக" என்றாள் பிரகாசி, மனைவி,
வாசலில் செருப்போரம் உட்கார்ந்தபடி.

நாற்பத்தாறு. மறுபடியும் நண்டு.
இது
பிறகு தடங்கல் இல்லாமல், நல்ல உச்சரிப்பில்:
ககுளுவா.

மஃரூபா என்னைப் பார்த்தார்.
என் தாளில் நான்கு கட்டங்கள்:
நின்றது, தயங்கியது, குழறியது, வேறு சொல்.
இது எதிலும் சேரவில்லை.
பிழை என்று எழுதக் கை வரவில்லை.

"சிங்களம்" என்றாள் பிரகாசி.
"பதினோரு மாசம் அங்க ஜெயில்ல கெடந்தாக.
வந்து ஒம்பது வருசமாச்சு,
ஒத்த வார்த்த அதப் பத்திப் பேசல.
நான் கேட்டா எந்திரிச்சுப் போயிருவாக."
காதில் அடைப்பான் இருந்ததால்
தான் சொன்னது அவருக்கே கேட்கவில்லை.
"சரியாச் சொன்னேனா?"
சொன்னீர்கள் என்று தலையாட்டினேன்.

டீ குடிக்கும்போது மஃரூபா கேட்டுவிட்டார்.
நெற்றியில் ஒட்டியிருந்த பட்டையின் தடத்தைத் தடவிக்கொண்டே
எமரிட் கொஞ்சம் சிரித்தார்.
"சமையக்கட்டுல நிமல்னு ஒரு பய.
நண்டு வாங்குற அன்னைக்கு
ரெண்டு காலு ஒளிச்சு வச்சு எனக்குத் தருவான்.
பேரச் சொன்னாத்தான் தருவேன்பான்."
பிரகாசி தம்ளரைக் கீழே வைத்தாள்.
வைத்த சத்தம் தேவைக்கு அதிகமாகக் கேட்டது.

மென்பொருளுக்கு இரண்டே நிறம்.
நாற்பத்தாறு சிவப்புதான், டாக்டர் சொல்லிவிட்டார்,
தமிழ் நின்ற இடம்.
சாயங்காலம் அச்செடுத்த தாளில்
அதைச் சுற்றி மஞ்சள் பேனாவால் ஒரு வட்டம் போட்டேன்.
மதுரையில் யாராவது கேட்டால்
என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.